பால் பொங்குதான்னு பாரு: சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளும் பிள்ளையிடம் பேசுவது எப்படி

அடுப்பில் பால் இருந்தது. மழை தூற ஆரம்பித்துவிட்டது, மாடியில் துணி காய்கிறது. நாலரை வயது மகனைக் கூப்பிட்டு, "அடுப்புகிட்ட போகக் கூடாது, இந்த நிலைப்படியிலேயே நின்னு பால் பொங்குதான்னு பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டு ஓடினேன். இரண்டே நிமிடம். திரும்பி வந்தால் மேடை முழுக்கப் பால், பர்னர் அணைந்து கேஸ் நாற்றம். அவன் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு, "அம்மா, பொங்கிடுச்சு, நான் பார்த்தேன்" என்றான். முகத்தில் அவ்வளவு பெருமை.

முதுகில் ஒன்று வைத்துவிட்டேன். அவன் அழுத அழுகை இன்னும் மறக்கவில்லை. அடி பலமாக விழவில்லை, ஆனால் எதற்கு விழுந்தது என்றே அவனுக்குத் தெரியவில்லை. ராத்திரி படுத்த பிறகு நான் சொன்னதை எனக்குள்ளேயே திரும்பச் சொல்லிப் பார்த்தேன். பொங்கினால் கூப்பிடு என்று நான் சொல்லவே இல்லை. பார்த்துக்கோ என்றேன், பார்த்தான். அடுப்புப் பக்கம் போகாதே என்றேன், போகவில்லை. இரண்டையும் ஓர் எழுத்துப் பிசகாமல் செய்த பிள்ளையைத்தான் அடித்திருக்கிறேன்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன், நீங்களும் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். பிள்ளை தப்பு செய்ததாகத் தோன்றினால், வாயைத் திறப்பதற்கு முன்னால் நாம் சொன்ன வாக்கியத்தை மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும், அந்த வாக்கியத்தில் இல்லாத எதையாவது பிள்ளையிடம் எதிர்பார்த்தோமா என்று. எங்கள் வீட்டில் பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடுகிறது. பெரியவளுக்கு இப்போது எட்டு வயது, சின்னவனுக்கு ஐந்து. கீழே இருப்பது பெரும்பாலும் இவர்களிடம் பார்த்தது, கூடவே குழந்தைகளின் மொழியை ஆராய்ந்தவர்கள் எழுதியதில் எனக்கு உதவியவை கொஞ்சம்.

ஏன் இப்படி ஆகிறது

பெரியவர்கள் பேசிக்கொள்ளும்போது பாதியைத்தான் வாயால் சொல்கிறோம். "மணி பத்தாகுது" என்று வீட்டுக்காரர் சொன்னால் விளக்கை அணைத்துப் படுக்கலாம் என்று அர்த்தம், மணி சொல்கிறார் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. 1975இல் வெளியான ஒரு கட்டுரையில் பால் கிரைஸ் என்ற தத்துவ அறிஞர் இதைத்தான் விளக்கினார்: எதிரில் இருப்பவர் காரணமில்லாமல் ஒன்றைச் சொல்ல மாட்டார் என்று நம்பி, அவர் சொல்லாமல் விட்டதைக் கேட்பவரே இட்டு நிரப்பிக்கொள்கிறார். அப்படி நிரப்புவதற்கு எதிரில் இருப்பவர் மனதில் என்ன இருக்கிறது என்று ஊகிக்கத் தெரிய வேண்டும். அந்தத் திறமை பிறக்கும்போதே முழுசாக வந்துவிடுவதில்லை. ஆஸ்திரியாவில் விம்மர், பெர்னர் என்ற இருவர் 1983இல் வெளியிட்ட சோதனை ஒன்று இருக்கிறது. ஒரு பையன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான், அவன் இல்லாதபோது அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறார், திரும்பி வரும் பையன் எங்கே தேடுவான்? மூன்று வயதுப் பிள்ளைகள் சாக்லேட் இப்போது இருக்கும் அலமாரியைத்தான் காட்டுவார்கள். பையனுக்கு அது தெரியாதே என்ற எண்ணம் நாலு, ஐந்து வயதில்தான் ஊன்றுகிறது. வீட்டில் வேண்டுமானால் ஒரு மிட்டாயையும் இரண்டு டப்பாவையும் வைத்துச் செய்து பாருங்கள், ஐந்து நிமிடம் ஆகாது.

ஆனால் ஒன்று, சின்னப் பிள்ளைகள் எதையுமே ஊகிப்பதில்லை என்றும் இல்லை. இரண்டு வயசுக் குழந்தையிடம் "பந்து எங்கே?" என்றால் பந்தை எடுத்து வந்து கொடுத்துவிடும். தினமும் நடக்கிற காரியம், பழகிய இடம் என்றால் வார்த்தையே தேவையில்லை. புது இடம், புது வேலை, புது வார்த்தை வரும்போதுதான் சொன்ன சொல்லை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். பெற்றோர் ஏமாறுவதும் இங்கேதான். "நேத்து புரிஞ்சுது, இன்னைக்கு மட்டும் புரியலையா, வேணும்னே பண்றான்" என்று நினைத்துவிடுகிறோம்.

வேலை சொல்லும்போது

தமிழில் "போடு" என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எத்தனை வேலை செய்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். சட்டையைப் போடு என்றால் மாட்டிக்கொள்ள வேண்டும். லைட்டைப் போடு என்றால் சுவிட்சைத் தட்ட வேண்டும். சோறு போடு என்றால் பரிமாற வேண்டும், குப்பையைப் போடு என்றால் தூக்கி எறிய வேண்டும், கோலம் போடு என்றால் வரைய வேண்டும், பூட்டுப் போடு என்றால் பூட்ட வேண்டும். இத்தனைக்கும் நடுவில் "கீழே போடாதே" என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கத்துகிறோம். என் மகளுக்கு மூன்று வயதிருக்கும்போது "தட்டைப் போடு தங்கம், சாப்பிடலாம்" என்றேன். இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கித் தரையில் போட்டாள். அந்த எவர்சில்வர் சத்தத்தில் அவளுடைய அப்பாயி பூஜை அறையிலிருந்து பதறி எழுந்து வந்துவிட்டார். குழந்தை என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறது, சொன்னதைச் செய்துவிட்டோம் என்று.

"விடு"வும் அப்படித்தான். செடிக்குத் தண்ணி விடு, தம்பியை விடு, கையை விடு. அடி, எடு, வை, பிடி எல்லாமே இந்த வகைதான். இவை அடிக்கடி வருகிற சொற்கள் என்பதால் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், ஆனால் அடிக்கடி வருவதால்தான் இவற்றுக்கு இத்தனை பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆறு வயது வரைக்கும் வேலை சொல்லும்போது கடைசியில் எது எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடுங்கள். "தட்டை எடுத்துட்டு வந்து இந்தப் பாய் பக்கத்துல மெதுவா வை." கையால் இடத்தைக் காட்டினால் இன்னும் நல்லது.

எப்போது நிறுத்த வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும், இதைத்தான் நான் ரொம்ப நாள் மறந்தேன். "செடிக்குத் தண்ணி ஊத்து" என்றால் பிள்ளையைப் பொறுத்தவரை குழாயில் தண்ணீர் நிற்கும்வரை அது முடியாத வேலை. "ஒரு செடிக்கு ஒரு செம்பு, நாலு செடிக்கும் ஊத்தினதும் செம்பைக் கொண்டுவந்து என்கிட்ட கொடு" என்றால் முடிகிறது. பால் விஷயத்திலும் "பால் மேலே ஏறி வந்தா 'அம்மா'ன்னு சத்தமா கூப்பிடு" என்று சொல்லியிருந்தால் போதும். இப்போது அதற்கு முன்னால் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் மாடிக்குப் போகிறேன், அது வேறு விஷயம்.

சொன்ன பிறகு "புரிஞ்சுதா?" என்று கேட்டுப் பயனில்லை. எல்லாப் பிள்ளையும் தலையை ஆட்டும். "முதல்ல என்ன செய்யப் போறே?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலில், நாம் விட்ட ஓட்டை எது என்று நமக்கே தெரிந்துவிடும்.

"சமத்தா இரு", "ஒழுங்கா இரு" என்பதெல்லாம் சின்னப் பிள்ளைக்கு வெறும் சத்தம். கல்யாண மண்டபத்துக்குக் கூட்டிப்போகும் முன் நான் மூன்று விஷயம் மட்டும் சொல்வேன்: மேடையில ஏறக் கூடாது, பந்தியில என் பக்கத்துல உட்காரணும், வெளியே போகணும்னா வந்து என் கையைப் பிடிச்சுச் சொல்லணும். நாலாவதாக ஒன்றைச் சேர்த்தால் முதலாவது போய்விடும்.

கேள்வி போலக் கேட்காதீர்கள்

"குளிக்கலாமா?" "வேணாம்." அவ்வளவுதான், உண்மையான பதில் வந்துவிட்டது. நாம் உடனே "என்ன, சொல்பேச்சு கேட்க மாட்டியா?" என்று எகிறுகிறோம். கேட்டது நாம்தானே. பிடிக்கவில்லை என்று சொல்ல உரிமை கொடுத்துவிட்டு, சொன்னதற்காகத் திட்டினால் அந்தப் பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்? மாற்றுப் பேச்சுக்கே இடமில்லாத விஷயத்தைக் கேள்வியாக்காமல் "குளிக்கப் போறோம்" என்று சொல்லிவிடுங்கள். அப்புறம் உண்மையிலேயே அவர்கள் தேர்ந்தெடுக்கக்கூடியதைக் கேளுங்கள், பச்சை வாளியா நீல வாளியா என்று.

இதைவிட ஆபத்தான கேள்விகள் கோபத்தில் வருபவை. "உனக்கு எத்தனை தடவை சொல்றது?" என்று ஒருநாள் மகளிடம் கத்தினேன். அவள் விரலை மடக்கி எண்ணிவிட்டு "நாலு" என்றாள். "காது இருக்கா, இல்லையா?" "இருக்கு." இதைக் கேட்டு எத்தனை வீட்டில் "வாய்க்கு வாய் பேசுறியா" என்று அறை விழுகிறது. எனக்குத் தெரிந்து இந்த வயதுப் பிள்ளைகளுக்கு அநியாயமாக விழும் அடியில் பெரும்பங்கு இந்த இடத்தில்தான். கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததே நாம்தான், பதில் தேவைப்படாத கேள்வி என்று ஒன்று இருப்பதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கேலி செய்கிற பிள்ளை நம் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசும், நமக்குக் கோபம் ஏறுகிறதா என்று பார்க்கும். எண்ணிச் சொல்கிற பிள்ளை தன் விரலைப் பார்க்கும். அந்த ஒரு நொடி கவனித்தால் கை ஓங்காது.

இன்னொரு சின்ன விஷயம். "நீ இன்னும் சாப்பிடலையா?" என்று கேட்டால் "ஆமா" என்று பதில் வரும், சாப்பிட்டாச்சா இல்லையா என்று நமக்கே குழம்பும். "சாப்பிட்டியா?" என்று நேராகக் கேட்டுவிட்டால் முடிந்தது. பல்லுத் தேய்த்ததா, மருந்து குடித்ததா என்ற கேள்விகளிலும் இதே கவனம் வேண்டும்.

நேரம்

"இதோ வந்துட்டேன்", "ஒரு நிமிஷம்", "அப்புறம் பார்க்கலாம்". இந்த மூன்றையும் பெரியவர்கள் "இப்போது முடியாது" என்ற பொருளில்தான் சொல்கிறோம். பிள்ளைக்கு "பார்க்கலாம்" என்றால் பார்க்கப்போகிறோம் என்று அர்த்தம். கடைவீதியில் "அடுத்த தடவை வாங்கலாம்" என்று சொன்னதை நான் மறந்தே போயிருப்பேன், இரண்டு வாரம் கழித்து அதே கடை வாசலில் மகன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நிற்கிறான். அது அடம் இல்லை, வாக்கு. வாங்கப்போவதில்லை என்றால் "வாங்க மாட்டோம்" என்று சொல்லிவிடுவது நல்லது. அந்த நேரத்தில் அழுவார்கள், ஆனால் நம் வார்த்தைமீது நம்பிக்கை மிச்சமிருக்கும்.

நிமிடம், மணி எல்லாம் அவர்களுக்குக் கண்ணில் படாத சரக்கு. காதில் விழுகிற, கண்ணில் படுகிற அளவைக் கொடுங்கள். எங்கள் வீட்டில் குக்கர்தான் கடிகாரம், "மூணு விசில் வந்ததும் உன்கூட விளையாட வர்றேன்" என்றால் அவனே எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஆனால் மூன்றாவது விசிலுக்கு எழுந்து போய்விட வேண்டும், நாலாவதுக்குப் போனால் அந்த அளவு அன்றோடு செத்துவிடும். ஊருக்குப் போவதற்கு "ரெண்டு தடவை தூங்கி எழுந்தா அம்மாயி வீட்டுக்குப் போறோம்". மத்தியானத் தூக்கத்தையும் சேர்த்து எண்ணிவிடுவார்கள், அதனால் "ராத்திரித் தூக்கம்" என்று சொல்லிவிடுங்கள்.

முன், பின் சொல்லும்போது ஒரு நல்ல செய்தி, தமிழ் நமக்கு உதவி செய்கிறது. ஈவ் கிளார்க் என்ற மொழியியல் ஆய்வாளர் 1971இல் வெளியிட்ட ஆய்வில், சின்னப் பிள்ளைகள் முதலில் சொன்னது முதலில் நடந்தது என்று எடுத்துக்கொள்வதைக் காட்டினார். "விளையாடறதுக்கு முன்னாடி பொம்மையை எடுத்து வை" என்றால் காதில் முதலில் விழுவது விளையாட்டு. நம் "ட்டு" அப்படியில்லை. "கை கழுவிட்டு, துண்டுல துடைச்சுட்டு, வந்து உட்காரு" என்று நடக்க வேண்டிய வரிசையிலேயே வாக்கியமும் நடக்கிறது. இந்த வயதுக்கு "முன்னாடி" என்ற சொல்லை விட்டுவிட்டு "ட்டு" போட்டுப் பேசினால் பாதிக் குழப்பம் குறையும்.

கொஞ்சம் என்றால் எவ்வளவு

முறுக்கு டப்பாவைக் காட்டி "கொஞ்சம் எடுத்துக்கோ" என்றால் டப்பாவே காலியாகும். கேட்டால் "நீதானே எடுத்துக்கச் சொன்னே". இதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஐரா நோவெக் என்ற ஆய்வாளர் பிரெஞ்சு பேசும் பிள்ளைகளிடம் "சில ஒட்டகச்சிவிங்கிகளுக்குக் கழுத்து நீளம்" என்பதுபோன்ற வாக்கியங்களைச் சொல்லி, ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டார், 2001இல் அது வெளியானது. எட்டு வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஒப்புக்கொண்டார்கள். பெரியவர்களில் பாதிப் பேருக்கு மேல் மறுத்தார்கள், எல்லா ஒட்டகச்சிவிங்கிக்கும் அல்லவா கழுத்து நீளம் என்று. ஆனால் சொல்லை மட்டும் பார்த்தால் பிள்ளைகள் சொன்னதுதான் சரி, எல்லாவற்றுக்கும் நீளம் என்றால் சிலவற்றுக்கும் நீளம்தானே. "கொஞ்சம்" என்றால் "மிச்சம் வை" என்று அர்த்தம் என்பது நாம் ஊகித்துக்கொள்வது. எண்ணிக்கை சொல்லுங்கள். "ரெண்டு முறுக்கு, கைக்கு ஒண்ணு."

வந்தவர்கள் முன்னால்

போன பொங்கலுக்கு என் கொழுந்தனார் குடும்பத்தோடு வந்திருந்தார். கிளம்பும்போது வழக்கம்போல "போயிட்டு வர்றோம்டா" என்றார். மகன் வாசல் திண்ணையில் உட்கார்ந்தான். சாப்பிடக் கூப்பிட்டாலும் வரவில்லை, "சித்தப்பா வந்துரட்டும்". இருட்டின பிறகுதான் எனக்கு விஷயமே புரிந்தது. "போறேன்" என்று சொல்லக் கூடாது என்பது நம் வழக்கம், நல்ல வழக்கம், அதை விட வேண்டாம். ஆனால் அதோடு "இன்னைக்கு இல்லை, சித்திரைத் திருவிழாவுக்கு வருவாங்க" என்று பக்கத்தில் நாம் ஒரு வரி சேர்த்தால் பிள்ளை திண்ணையில் காத்திருக்காது.

"மாமாவுக்கு வணக்கம் சொல்லு" என்றால் "வணக்கம் சொல்லு" என்று முழுசாகத் திருப்பிச் சொல்வது மூன்று வயதில் எல்லா வீட்டிலும் நடப்பது. நாமே கைகூப்பி "வணக்கம் மாமா" என்று சொன்னால் அவர்களும் அதைச் செய்வார்கள். கூட்டத்தில் எல்லாரும் சிரிக்கும்போது பிள்ளை சுருங்கிப்போவதைப் பார்த்திருக்கிறேன், நாம் மட்டுமாவது சிரிக்காமல் இருப்போம்.

அடுத்தவர் வீட்டில் சாப்பிடச் சொன்னால் "இப்பத்தான் சாப்பிட்டு வந்தோம்" என்போம். "இல்லம்மா, நாம இன்னும் சாப்பிடல" என்று பிள்ளை உண்மையைச் சொல்லும். அதற்காகத் தொடையைக் கிள்ளாதீர்கள். பொய் சொல்லாதே என்று சொல்லிவிட்டு, உண்மை சொன்னதற்குக் கிள்ளினால் அதன் தலையில் இரண்டும் மோதும். "பசிக்கல, அப்புறம் சாப்பிட்டுக்கறோம்" என்று நாமே கொஞ்சம் உண்மைக்குப் பக்கத்தில் பேசிக்கொள்ளலாம்.

என் அம்மா பேரனை "என்னப் பெத்த ராசா" என்று கொஞ்சுவார். "நான் எப்ப உன்னைப் பெத்தேன்?" என்று அவன் கேட்டான். மகளை "வாம்மா" என்றால் "நான் அம்மா இல்ல, நீதான் அம்மா" என்பாள். இவற்றையெல்லாம் மாற்றவே வேண்டாம். இது கொஞ்சல் என்று ஒருமுறை சொன்னால் போதும், அன்பு புரிந்துவிடுகிறது.

மிரட்டலும் கேலியும்

இதைத்தான் எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைக்கிறேன். "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்", "குப்பைத்தொட்டியிலேர்ந்து எடுத்துட்டு வந்தோம்" என்று பிள்ளைகளைச் சீண்டுவது நம் ஊரில் பரம்பரை பரம்பரையாக வருகிறது. சொல்பவருக்கு விளையாட்டு. என் மகளுக்கு ஐந்து வயதில், ஒரு விசேஷ வீட்டில் உறவுக்காரர் ஒருவர் அப்படிச் சொன்னார், எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். மூன்று நாள் கழித்து ராத்திரி விளக்கை அணைத்த பிறகு மெல்லக் கேட்டாள்: "அப்ப என்னோட அம்மா எங்கே இருக்காங்க?" மூன்று நாளும் அதை மனதில் வைத்துக்கொண்டே பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறாள். பிறந்த அன்று எடுத்த போட்டோவை எடுத்துக் காட்டி, ஆஸ்பத்திரியில் கையில் கட்டியிருந்த பட்டையைக் காட்டி, வயிற்றில் ஆபரேஷன் தழும்பைக் காட்டி நிரூபிக்க வேண்டியிருந்தது. உங்கள் எதிரில் யாராவது இப்படிச் சொன்னால், பெரியவராகவே இருந்தாலும், அந்த இடத்திலேயே "இல்லப்பா, அவ என் வயித்துல பொறந்தவ, மாமா சும்மா சொல்றாங்க" என்று பிள்ளையைப் பார்த்துச் சொல்லிவிடுங்கள். மரியாதைக் குறைவு ஆகாது.

"வரலைன்னா நான் போறேன், நீ இங்கேயே கிட" என்று பஸ் ஸ்டாண்டில் சொல்வதும் அதே வகை. போலீஸ் பிடித்துப் போகும் என்று மிரட்டி வளர்த்த பிள்ளை, திருவிழாக் கூட்டத்தில் தொலைந்துபோனால் காக்கிச் சட்டையைப் பார்த்து ஒளிந்துகொள்ளும். டாக்டர் ஊசி போட்டுவிடுவார் என்று சோறு ஊட்டினால், காய்ச்சல் வரும் நாளில் ஆஸ்பத்திரி வாசலிலேயே உடம்பை வில்லாக வளைக்கும். யாரிடம் உதவிக்குப் போக வேண்டுமோ அவர்களையே பூச்சாண்டி ஆக்கிவிடுகிறோம்.

சாவைப் பற்றிப் பேசும்போது இன்னும் கவனம் வேண்டும். என் மாமனார் இறந்தபோது வீட்டுக்கு வந்தவர்கள் மகளிடம் "தாத்தா தூங்குறாங்க" என்றார்கள். அதற்கப்புறம் ஒரு மாதம் அவள் ராத்திரி எழுந்து எழுந்து அப்பாவை உலுக்கி எழுப்பினாள். "சாமிகிட்ட போயிட்டாங்க" என்றவருக்கு "அப்ப கோயிலுக்குப் போனா பார்க்கலாமா?" என்று கேட்டாள். காலமானார், தவறிட்டார் என்பவையும் பிள்ளைக்குப் புரியாது, தவறிவிட்டார் என்றால் எங்கே விழுந்தார் என்றுதான் கேட்கும். நம் காதுக்குக் கடுமையாக இருந்தாலும் நேர்ச் சொல்தான் பிள்ளைக்கு இதம். நான் கடைசியில் சொன்னது இதுதான்: "தாத்தா செத்துட்டாங்க. செத்துட்டா மூச்சு வராது, பசிக்காது, வலிக்காது, திரும்ப எழுந்திரிக்க மாட்டாங்க. தூங்குறது வேற. தூங்குறவங்க மூச்சு விடுவாங்க, காலையில எழுந்துருவாங்க." தூங்கும் அப்பாவின் நெஞ்சில் அவள் கையை வைத்து மூச்சைக் காட்டினேன். "உடம்பு சரியில்லாம செத்துட்டாங்க" என்று மட்டும் சொன்னால் அடுத்த சளிக்கு நடுங்கிவிடுவாள் என்பதால், தாத்தாவுக்கு வந்தது ரொம்பப் பெரிய நோய், உனக்கு வரும் காய்ச்சல் அது இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

பாதுகாப்புக்கான சொற்கள்

மருந்தை ஒருபோதும் மிட்டாய் என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். நாம் இல்லாத நேரத்தில் அவர்களே "மிட்டாய்" எடுத்துக்கொள்வார்கள். வீட்டில் இருக்கும் இரும்புச்சத்து மாத்திரை, பெரியவர்களின் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாமே சின்ன உடம்புக்கு ஆபத்து. "இது மருந்து, அம்மாவோ அப்பாவோ கையில கொடுத்தா மட்டும்தான்" என்பதுதான் சொல்ல வேண்டிய வாக்கியம். அப்படியும் எடுத்து விழுங்கிவிட்டால் 108ஐக் கூப்பிட்டு, மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

"தெரியாதவங்க கூப்பிட்டா போகாதே" என்பதும் ஓட்டை விழுந்த வாக்கியம். ஒருவர் தன் பெயரைச் சொல்லி இரண்டு நிமிடம் சிரித்துப் பேசினால் பிள்ளைக்கு அவர் தெரிந்தவர் ஆகிவிடுவார். பெயர்களைச் சொல்லுங்கள். "பள்ளிக்கூடத்துலேர்ந்து அம்மா, அப்பா, அப்பாயி, ஆட்டோ அண்ணன், இந்த நாலு பேர்கூட மட்டும்தான் வரணும். வேற யார் கூப்பிட்டாலும், அம்மாதான் அனுப்பினாங்கன்னு சொன்னாலும், மிஸ்கிட்டயே நில்லு." "தொடாதே" என்றாலும் கவனம், கையால்தானே தொடக் கூடாது என்று குச்சியால் தொடுவார்கள். சுவிட்ச் பெட்டிக்கு "பக்கத்துலயே போகாதே" என்று கோடு கிழித்துக் காட்டினேன்.

அவர்கள் சொல்வது நமக்கு எப்படிக் கேட்கிறது

குழப்பம் அந்தப் பக்கத்திலிருந்தும் வரும். நாலு வயதுக்கு "நேத்து" என்றால் முடிந்துபோன எந்த நாளும்தான், போன தீபாவளியாகக்கூட இருக்கலாம். "நேத்து மிஸ் அடிச்சாங்க" என்று சொன்னால் நம்பத்தான் வேண்டும், அந்தப் பேச்சை அசட்டை செய்யக் கூடாது, ஆனால் எந்த நாள் என்று தெரிந்துகொண்டுதான் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். "அன்னைக்கு மழை பெஞ்சுதா? என்ன சட்டை போட்டிருந்தே? டப்பாவுல என்ன கொண்டுபோனே?" என்று கேட்டால் நாள் தானாக வெளியே வரும். "அடிச்சாங்களா?" என்று ஆமாம்-இல்லைக் கேள்வி கேட்டால் ஆமாம் என்றே வரும், "அப்புறம் என்ன நடந்துச்சு?" என்று விட்டுக் கேளுங்கள். வயிறு வலி என்பதும் அப்படித்தான், பசி, பயம், மோஷன் வருவது எல்லாமே வயிற்றுவலிதான், விரலை வைத்து எங்கே என்று காட்டச் சொல்ல வேண்டும். போனில் அம்மாயி "சாப்பிட்டியா சாமி?" என்றால் இவன் தலையை ஆட்டிக்கொண்டு நிற்பான், தான் பார்ப்பதை அங்கிருப்பவரும் பார்ப்பதாக நினைப்பு. "வாயால சொல்லு, அம்மாயிக்குத் தெரியல" என்றால் சரியாகிவிடும்.

எப்போது கவனிக்க வேண்டும்

ஏழு வயதுக்குக் கீழே சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்வது மட்டும் இருந்தால் அது வளர்ச்சியின் ஒரு பகுதி, பயப்பட எதுவும் இல்லை. ஆனால் அதோடு, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, எதையும் விரல் நீட்டிக் காட்டுவதில்லை, மற்ற பிள்ளைகளோடு சேர்வதே இல்லை, பேச்சு தாமதம், வந்த பேச்சும் நின்றுபோனது என்று இருந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், காது கேட்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் மாவட்டங்களில் அரசு மருத்துவமனைகளோடு சேர்ந்து, பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைச் சீக்கிரமே கண்டுபிடித்து உதவும் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. போய்க் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பள்ளி வயது தாண்டியும் சொல்லை மட்டுமே பிடித்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கும் மேலே சொன்ன நேர்ப்பேச்சுதான் உதவுகிறது, இன்னும் கொஞ்சம் பொறுமையோடு.

மறைபொருள் பேச்சைச் சொல்லிக்கொடுக்க

ஐந்து, ஆறு வயதானதும் மரபுப் பேச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக அறிமுகப்படுத்தலாம். எங்கள் வீட்டில் சாப்பிடும்போது ஒரு விளையாட்டு. ஒருவர் ஒரு பேச்சைச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் "நிஜமாவா, சும்மாவா?" என்று கண்டுபிடிக்க வேண்டும். "அவனுக்கு வாய் நீளம்." "எனக்கு மண்டை வெடிக்குது." "அவர் கை கழுவிட்டார்." கடைசியாகச் சொன்னது இரண்டு விதமாகவும் இருக்கலாம் என்பதில் மகளுக்கு ரொம்ப சந்தோஷம். "சரியான வாலு" என்று அப்பாயி சொன்னதும் பின்னால் தடவிப் பார்த்த சின்னவன், இப்போது "சும்மா" என்று முதல் ஆளாகக் கத்துகிறான். நாம் பேசும்போதும் கோபத்தில் "மண்டை வெடிக்குது" என்று வந்துவிட்டால், பின்னாலேயே "சும்மா சொல்றேன், தலை வலிக்குது, அவ்வளவுதான்" என்று சேர்த்துச் சொல்கிறேன். ஒருநாள் அப்படிச் சேர்க்க மறந்துவிட்டேன். சின்னவன் பக்கத்தில் வந்து என் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "சும்மாவா, நிஜமாவாம்மா?" என்று கேட்டான்.